போஸ்ட்ஃபிக்ஸில் முகவரிச் சரிபார்ப்புக் கேஷ்: அமைப்பதும் காலம் வைப்பதும்

நிலாவெளிப் பக்கத்தில் ஒரு விடுதி. 2024 மார்ச் 26, செவ்வாய்க்கிழமை. சீசனுக்கு முன்னால் முன்பதிவுக்கென்று புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்றார்கள். நான் அதை உருவாக்க முதலே, கொழும்பில் இருக்கும் ஒரு பயண முகவருக்கு அந்த முகவரியைக் கொடுத்துவிட்டார்கள். அவர் காலை 10 மணிக்கு எழுதினார், திரும்பி வந்தது. நான் 11 மணிக்கு அஞ்சல் பெட்டியை உருவாக்கினேன். 12 மணிக்கு மறுபடி எழுதினார், மறுபடியும் திரும்பியது. அடுத்த நாள் காலை 9 மணிக்கு எழுதியதும் அப்படியே. பிறகு விடுதிக்கு ஃபோன் எடுத்துக் கோபித்துக்கொண்டார். 9.25க்கு என் ஃபோனில் இருந்து நான் ஒரு மெயில் அனுப்பினேன். நேரே போய் விழுந்தது.

"எனக்குப் போகிறதே" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல காலம், சொல்லவில்லை. பிழை என்னுடையதுதான். போஸ்ட்ஃபிக்ஸ் என்பது மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருள். வாசலில் நின்ற போஸ்ட்ஃபிக்ஸ் சேர்வரின் கேஷில், அதாவது முன்பு கேட்ட பதில்களைச் சேமித்து வைக்கும் இடத்தில், "இப்படி ஒருவர் இல்லை" என்ற பதில் உட்கார்ந்திருந்தது. அதற்கு நான் வைத்திருந்த காலம் இயல்பாக வரும் காலம். கணக்குப் பார்க்கும் அண்ணையிடம் "கேஷ் பிரச்சினை" என்று சொன்னேன். அவர் லாச்சியைத் திறந்து காசை எண்ணத் தொடங்கிவிட்டார். அது வேறு கதை.

இந்தக் கேஷை எப்படி அமைப்பது, எந்தக் காலத்தை எவ்வளவு வைப்பது என்பதை முதலில் இருந்து எழுதுகிறேன். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள், அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடு போடுங்கள். காலத்தைக் காட்டும் எண்ணோடு ஒட்டி வருவதில் டி என்றால் நாள், எச் என்றால் மணித்தியாலம், எம் நிமிடம், எஸ் விநாடி.

படலையில் நின்று கூப்பிடுவது

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் படலையில் நின்று "வீட்டுக்காரர்!" என்று ஒரு சத்தம் வைப்போம். உள்ளே இருந்து "ஓம், வாங்கோ" என்று பதில் வந்தால் ஆள் இருக்கிறார் என்று தெரியும். முகவரிச் சரிபார்ப்பும் அதுதான். வாசல் சேர்வருக்கு ஒரு மெயில் வருகிறது. பெட்டிகள் இருப்பது பின்னால், வேறு சேர்வரில். வாசல் சேர்வர் அந்தப் பின் சேர்வரைத் தொடர்புகொண்டு, அனுப்புநர் யார், பெறுநர் யார் என்று சொல்லும் மட்டும் போய், பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடும். உண்மையான மெயில் எதுவும் போகாது.

இதை ஏன் செய்ய வேண்டும்? செய்யாவிட்டால் வாசல் சேர்வர் எதையும் வாங்கிக்கொள்ளும். பிறகு பின் சேர்வர் "இவர் இல்லை" என்று தள்ளும். அப்போது திருப்பி அனுப்பும் பொறுப்பு வாசல் சேர்வரின் தலையில் விழும். குப்பை மெயில்களில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய். ஆக, சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு நீங்கள் திருப்பி அனுப்புவீர்கள். அது கூடினால் உங்கள் ஐபி தடைப்பட்டியலில் ஏறும்.

ஒவ்வொரு மெயிலுக்கும் போய்ப் படலையைத் தட்டினால் பின் சேர்வர் களைத்துவிடும். அதனால் போஸ்ட்ஃபிக்ஸில் வெரிஃபை என்ற தனிச் செயல்முறை ஒன்று பதில்களை நினைவில் வைத்துக்கொள்ளும். 2.1 பதிப்பில் வந்த வசதி இது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பின் சேர்வரில் உள்ள முகவரிகளின் பட்டியலை எடுத்து வாசல் சேர்வரில் வைக்க உங்களால் முடியுமென்றால், அதைச் செய்யுங்கள், இந்த வேலையே வேண்டாம். ரிலே_ரிசிப்பியண்ட்_மேப்ஸ் என்ற அமைப்பு அதற்குத்தான் இருக்கிறது. பின் சேர்வர் வேறொருவர் கையில் இருக்கிறது, பட்டியல் தரமாட்டார்கள், அல்லது பட்டியல் கிழமைக்குக் கிழமை மாறுகிறது என்றால்தான் சரிபார்ப்பு. விடுதிகள் இந்த இரண்டாவது வகை. கச்சான் அடிக்கும் மாதங்கள் எங்களுக்குச் சீசன், ஆட்கள் வருவார்கள். வாடை தொடங்கினால் பாதிப்பேர் போய்விடுவார்கள். அவர்களோடு முகவரிகளும் போகும்.

முதலில் கையால் தட்டிப் பாருங்கள்

கோப்பைத் தொட முதல், வாசல் சேர்வரில் இருந்தே டெல்நெட்டால் பின் சேர்வரின் 25ம் போர்ட்டுக்குப் போய் இதைத் தட்டுங்கள்:

ஈஎச்எல்ஓ (உங்கள் வாசல் சேர்வரின் பெயர்)
மெயில் ஃப்ரொம்:<>
ஆர்சிபிடி டு:<நிச்சயமாக இல்லாத ஒரு முகவரி>
குவிட்

மூன்றாவது வரிக்கு 550 ("இல்லை") என்று தொடங்கும் பதில் வர வேண்டும். 250 வந்தால் பின் சேர்வர் எவர் பெயரைச் சொன்னாலும் "ஓம்" என்கிறது என்று அர்த்தம். அங்கே யாராவது எல்லா முகவரிகளையும் ஒரே பெட்டியில் விழ வைத்திருப்பார்கள், அல்லது பெறுநர் வடிகட்டலை இயக்காமல் விட்டிருப்பார்கள். அதைத் திருத்தும் மட்டும் மேலே போக வேண்டாம். பொய் சொல்லும் ஆளிடம் கேட்டு வைத்த பதிலை எவ்வளவு பத்திரமாகச் சேமித்தும் பிரயோசனமில்லை.

450 ("பிறகு வா") வந்தால், பின் சேர்வர் தெரியாத ஐபிகளைக் கொஞ்ச நேரம் காக்க வைக்கும் முறையை வைத்திருக்கக்கூடும். வாசல் சேர்வரின் ஐபிக்கு விலக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸ் தானாகத் தட்டும்போது வெறுமையான அனுப்புநர் முகவரியைப் பாவிக்காது. டபுள்-பவுன்ஸ் என்ற பெயரில், உங்கள் டொமைனோடு சேர்ந்த ஒரு முகவரியைப் பாவிக்கும். பின் சேர்வர் அனுப்புநரையும் சோதிக்கும் வகை என்றால் இந்த முகவரியை அது ஏற்கிறதா என்றும் அதே முறையில் ஒரு தடவை பாருங்கள்.

கேஷ் எங்கே இருக்கிறது

போஸ்ட்கான்ஃப் அட்ரஸ்_வெரிஃபை_மேப்

என்று கேளுங்கள். 2.7 பதிப்பில் இருந்து பொதுவாக வரும் பதில் இது:

அட்ரஸ்_வெரிஃபை_மேப் = பீட்ரீ:$டேட்டா_டைரக்டரி/வெரிஃபை_கேஷ்

டேட்டா டைரக்டரி பெரும்பாலும் /வார்/லிப்/போஸ்ட்ஃபிக்ஸ். 2.7க்கு முந்தியவற்றில் இது வெறுமையாக இருக்கும், அதாவது நினைவகத்தில் மட்டும். ரீலோட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும். அவ்வளவு பழைய சேர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் உங்களுக்கு வேறு கவலைகள் இருக்கும்.

சில புதிய லினக்ஸ் வெளியீடுகளில் பீட்ரீ என்ற தரவுக் கோப்பு வகைக்கு ஆதரவு இல்லை. "போஸ்ட்கான்ஃப் -எம்" என்று தட்டினால் உங்களிடம் உள்ள வகைகளைக் காட்டும். பீட்ரீ இல்லை, எல்எம்டிபி இருக்கிறது என்றால் பீட்ரீ என்ற இடத்தில் எல்எம்டிபி என்று எழுதினால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். கேஷ் கோப்பை டேட்டா டைரக்டரிக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டாம். 2.5 பதிப்பில் இருந்து போஸ்ட்ஃபிக்ஸ் இந்தக் கோப்பை ரூட் உரிமையோடு திறப்பதில்லை. மற்றது, இடம் நிறைந்துபோகக்கூடிய டிஸ்கில் வைக்க வேண்டாம். பாதியில் எழுதி நின்ற கேஷ் பழுதானால் அது தானாகத் திருந்தாது, நீங்கள்தான் கையால் அழிக்க வேண்டும்.

இயக்குவது, ஆனால் பல்லைப் பிடுங்கிவிட்டு

போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பில்:

எஸ்எம்டிபிடி_ரிசிப்பியண்ட்_ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் =
  பெர்மிட்_மைநெட்வொர்க்ஸ்,
  ரிஜெக்ட்_அன்ஆத்_டெஸ்டினேஷன்,
  வோர்ன்_இஃப்_ரிஜெக்ட் ரிஜெக்ட்_அன்வெரிஃபைட்_ரிசிப்பியண்ட்

இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். கடைசி வரியை "ரிஜெக்ட்_அன்ஆத்_டெஸ்டினேஷன்" வரிக்கு மேலே வைத்தால், உலகத்தில் உள்ள எவனோ ஒருவன் எந்த டொமைனின் முகவரியைச் சொன்னாலும் உங்கள் சேர்வர் அங்கே ஓடிப்போய்ப் படலையைத் தட்டும். கொஞ்ச நாளில் உங்களைத்தான் திருடன் என்பார்கள்.

வோர்ன்_இஃப்_ரிஜெக்ட் என்ற முன்சொல் இருக்கும் மட்டும் எதுவும் நிராகரிக்கப்படாது. "நிராகரித்திருப்பேன்" என்று லொக்கில் எழுதும், அவ்வளவுதான். ஒரு கிழமை அப்படியே விடுங்கள். "போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்" கொடுக்க மறக்க வேண்டாம். வெரிஃபை செயல்முறை நீண்ட நேரம் ஓடிக்கொண்டே இருப்பது, மெயின்.சிஎஃப் மாற்றங்களைத் தானாகப் பார்க்காது. நானே இரண்டு தடவை இதை மறந்து அரை நாள் வீணாக்கியிருக்கிறேன்.

லொக்கில் இரண்டு சொற்களைத் தேடுங்கள்: ஸ்டேட்டஸ்=டெலிவரபிள், ஸ்டேட்டஸ்=அன்டெலிவரபிள். இவை தட்டிப் பார்த்ததன் பதில்கள். அன்டெலிவரபிள் என்று வந்த முகவரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உயிரோடு இருக்கும் ஓர் ஆள் அந்தப் பட்டியலில் இருந்தால் முதலில் பின் சேர்வரைப் பாருங்கள். ஒரு கிழமை சுத்தமாகப் போனால் முன்சொல்லை எடுத்துவிடலாம்.

நான்கு காலங்கள்

என் செவ்வாய்க்கிழமைக் கதை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. "ஓம்" பதிலுக்கு இரண்டு காலம், "இல்லை" பதிலுக்கு இரண்டு காலம். இயல்பாக வருபவை:

அட்ரஸ்_வெரிஃபை_பொசிட்டிவ்_எக்ஸ்பயர்_டைம் = 31டி
அட்ரஸ்_வெரிஃபை_பொசிட்டிவ்_ரிஃப்ரெஷ்_டைம் = 7டி
அட்ரஸ்_வெரிஃபை_நெகட்டிவ்_எக்ஸ்பயர்_டைம் = 3டி
அட்ரஸ்_வெரிஃபை_நெகட்டிவ்_ரிஃப்ரெஷ்_டைம் = 3எச்

எக்ஸ்பயர் என்றால் பதில் செத்துப்போகும் காலம், அது எல்லாருக்கும் விளங்கும். ரிஃப்ரெஷ் என்பதில்தான் ஆட்கள் வழுக்கி விழுவது. ரிஃப்ரெஷ் காலம் தாண்டியதும் போஸ்ட்ஃபிக்ஸ் தானாகப் போய்ப் பார்க்காது. அந்த முகவரிக்கு அடுத்த மெயில் வரும்போதுதான் அதற்கு நினைவு வரும். அப்போதும் பழைய பதிலையே முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு புதிதாகத் தட்டப் போகும். ரிஃப்ரெஷ் காலம் தாண்டி முதலில் வருபவருக்குக் கிடைப்பது பழைய பதில், அவருக்குப் பின்னால் வருபவருக்குத்தான் புதிய பதில்.

இப்போது முகவரின் கதையைத் திரும்பப் பாருங்கள். 10 மணிக்கு "இல்லை" என்று பதிவானது. 12 மணிக்கு அவர் வந்தபோது 3 மணித்தியாலம் ஆகவில்லை, பழைய பதில். அடுத்த நாள் 9 மணிக்கு வந்தபோது 3 மணித்தியாலம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் 3 நாள் ஆகவில்லையே! அதனால் அவருக்குப் பழைய பதிலைக் கொடுத்துவிட்டு, பின்னால் போய்த் தட்டிப் பார்த்து "ஓம்" என்று மாற்றி எழுதியது. 9.25க்கு அந்த "ஓம்" எனக்குக் கிடைத்தது. அவர் வாங்கிய அடியில் எனக்குப் பாதை திறந்தது.

ஆகவே "இல்லை" பதிலுக்கு நான் இப்போது சுருக்கமான எக்ஸ்பயர் வைக்கிறேன். எக்ஸ்பயர் தாண்டிய பதிவு இல்லாததற்குச் சமம். போஸ்ட்ஃபிக்ஸ் புதிதாகத் தட்டி, பதில் வரும் மட்டும் அனுப்புநரைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கும். 3 விநாடி இடைவெளியில் 3 தடவை பார்க்கும், சேர்வர் நெருக்கடியில் இருந்தால் ஒரு தடவைதான். அதற்குள் பதில் வராவிட்டால் 450 சொல்லும், அனுப்பும் சேர்வர் பிறகு மறுபடி வரும். விடுதி சேர்வரில் நான் வைத்திருப்பது:

அட்ரஸ்_வெரிஃபை_நெகட்டிவ்_எக்ஸ்பயர்_டைம் = 1எச்
அட்ரஸ்_வெரிஃபை_நெகட்டிவ்_ரிஃப்ரெஷ்_டைம் = 20எம்

இதற்கு ஒரு விலை உண்டு. குப்பை அனுப்புபவர்கள் பெயர்களை ஊகித்து அனுப்பும்போது பின் சேர்வரை அடிக்கடி தட்ட வேண்டி வரும். சில பத்துப் பெட்டிகள் உள்ள இடத்தில் அது பெரிய பாரமில்லை. ஆயிரக்கணக்கில் என்றால் 6எச், 1எச் என்று கூட்டிப் பாருங்கள். "இல்லை" பதிலைச் சேமிக்கவே வேண்டாம் என்று அட்ரஸ்_வெரிஃபை_நெகட்டிவ்_கேஷ் என்பதை "நோ" ஆக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் செய்யமாட்டேன். அப்படிச் செய்தால் இல்லாத முகவரிக்கு வரும் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு தட்டல் போகும்.

"ஓம்" பக்கம் வேறு மாதிரி. அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு முகவரி "ஓம்" என்று பதிவாகி இருக்கும்போது, அடுத்த தட்டல் தோற்றால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தத் தோல்வியைக் கணக்கில் எடுக்காது. பின் சேர்வர் "அப்படி ஒருவர் இல்லை" என்றே சொன்னாலும், கடைசியாக "ஓம்" கிடைத்த நேரத்தில் இருந்து எக்ஸ்பயர் காலம் முடியும் மட்டும் பழைய "ஓம்" நிற்கும். ஒரு தற்செயலான பிழையால் நல்ல முகவரி அடிபடக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. ஆனால் சீசன் முடிந்து செப்டெம்பர் கடைசியில் நீங்கள் ஒரு பெட்டியை அழித்தால், 31 நாள் கணக்கில் அந்த முகவரி ஒக்டோபர் கடைசி வரைக்கும் வாசலில் உயிரோடு இருக்கலாம்.

அப்படியானால் இதையும் ஒரு மணித்தியாலம் ஆக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். எங்கள் வாசல் சேர்வருக்கும் பின் சேர்வருக்கும் நடுவில் இருப்பது கொழும்பு இணைப்பு, அது அறுவது புதிதல்ல. இணைப்பு இல்லாத நேரத்தில் கேஷில் "ஓம்" இருந்தால் வாசல் சேர்வர் மெயிலை வாங்கி வரிசையில் வைத்துக்கொள்ளும், இயல்பாக 5 நாள் மட்டும் வைத்திருக்கும். கேஷில் எதுவும் இல்லாவிட்டால் தட்டிப் பார்க்க வழியில்லை, எல்லாருக்கும் 450தான். "ஓம்" நீண்ட காலம் நிற்பது எங்களுக்கு ஒரு காப்பு. நான் வைத்திருப்பது:

அட்ரஸ்_வெரிஃபை_பொசிட்டிவ்_எக்ஸ்பயர்_டைம் = 14டி
அட்ரஸ்_வெரிஃபை_பொசிட்டிவ்_ரிஃப்ரெஷ்_டைம் = 1டி

ரிஃப்ரெஷ் ஒரு நாள் என்பதால் அடிக்கடி மெயில் வரும் முகவரிகளின் 14 நாள் திரும்பத் திரும்பப் புதிதாகத் தொடங்கும். கேஷைக் கூட்டித் துடைக்கும் இடைவெளி, அட்ரஸ்_வெரிஃபை_கேஷ்_கிளீனப்_இன்டர்வல், 12எச் என்று வரும். அதைத் தொடத் தேவையில்லை.

450ஆ 550ஆ

சரிபார்ப்பில் தோற்ற முகவரிக்கு இயல்பாகச் சொல்லப்படும் குறியீடு 450, அதாவது "பிறகு வா". இதை 550 ஆக்கினால்தான் அனுப்பியவருக்கு உடனே விஷயம் தெரியும்:

அன்வெரிஃபைட்_ரிசிப்பியண்ட்_ரிஜெக்ட்_கோட் = 550

நான் தொடக்கத்திலேயே 550 வைத்ததால்தான் முகவரின் மெயில்கள் திரும்பிப் போயின. 450ஆக இருந்திருந்தால் அவருடைய சேர்வர் தானாக மறுபடி முயன்று எப்படியும் கொண்டுவந்து சேர்த்திருக்கும், எனக்கும் அந்த ஏச்சு விழுந்திருக்காது. முதல் மாதம் 450இலேயே விடுங்கள். நெகட்டிவ் காலங்களைச் சுருக்கிய பிறகு 550க்குப் போங்கள்.

550 சொல்லும்போது பின் சேர்வரின் பெயரும் அதன் முழுப் பதிலும் வெளியே போகும். அது பிடிக்காவிட்டால் அன்வெரிஃபைட்_ரிசிப்பியண்ட்_ரிஜெக்ட்_ரீசன் என்பதில் ஒரு சிறிய ஆங்கில வசனம் எழுதிவிடுங்கள், அதுதான் போகும். 2.6 பதிப்பில் இருந்து இந்த வசதி உண்டு.

கேஷுக்குள் எட்டிப் பார்ப்பது

ஓடிக்கொண்டிருக்கும் கேஷை வெரிஃபை செயல்முறை பூட்டி வைத்திருக்கும். நேரே வாசிக்கப் போனால் கட்டளை அப்படியே தொங்கி நிற்கும். கோப்பைப் பிரதி எடுத்துப் பிரதியை வாசியுங்கள். பீட்ரீ என்றால் கோப்பின் பெயர் முடிவில் .டிபி இருக்கும், போஸ்ட்மேப்புக்குச் சொல்லும்போது அதை விட்டுவிட வேண்டும்:

சிபி /வார்/லிப்/போஸ்ட்ஃபிக்ஸ்/வெரிஃபை_கேஷ்.டிபி /டெம்ப்/பார்வை.டிபி
போஸ்ட்மேப் -எஸ் பீட்ரீ:/டெம்ப்/பார்வை

ஒவ்வொரு வரியிலும் முதலில் முகவரி, பிறகு முக்காற்புள்ளியால் பிரித்த நான்கு துண்டுகள். அந்தச் செவ்வாய்க்கிழமைப் பதிவு இப்படித்தான் இருந்திருக்கும்:

2:0:1711427400:550 5.1.1 யூசர் அன்நோன்

முதல் எண் நிலைமை. 0 என்றால் ஓம், 1 என்றால் இப்போது சொல்ல முடியாது, 2 என்றால் இல்லை, 3 என்றால் இன்னும் பார்க்கவில்லை. இரண்டாவது, இப்போது ஒரு தட்டல் போய்க்கொண்டிருந்தால் அது தொடங்கிய நேரம், இல்லாவிட்டால் 0. மூன்றாவது, பதில் பதிவான நேரம், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடியில். "டேட் -டி @1711427400" என்று தட்டினால் இலங்கை நேரம் காலை 10 மணி என்று காட்டும். கடைசித் துண்டு பின் சேர்வர் சொன்ன வார்த்தை.

ஒரு பதிவை மட்டும் அழிக்க வேண்டுமென்றால் போஸ்ட்ஃபிக்ஸைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும்:

போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்டொப்
போஸ்ட்மேப் -டி (முகவரி) பீட்ரீ:/வார்/லிப்/போஸ்ட்ஃபிக்ஸ்/வெரிஃபை_கேஷ்
போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்டார்ட்

சீசன் முடிவில் பெட்டிகளை அழிக்கும் அன்றே இதையும் செய்துவிடுகிறேன். முதலில் பின் சேர்வரில் பெட்டியை அழிக்க வேண்டும், பிறகுதான் கேஷில். மாறிச் செய்தால், இடையில் வரும் ஒரு மெயில் மறுபடியும் "ஓம்" என்று எழுதிவிடும், 14 நாள் திரும்பத் தொடங்கும்.

கரண்ட் போய் சேர்வர் திடீரென்று நின்று, எழும்பியதும் லொக்கில் கேஷ் கோப்பைப் பற்றிய பிழைகள் வந்துகொண்டே இருந்தால் அதைப் பழுதுபார்க்க மினக்கெட வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தி, கோப்பையே அழித்துவிட்டு, தொடங்குங்கள். கேஷ் வெறுமையில் இருந்து தானாக நிரம்பும். ஆனால் கொழும்பு இணைப்பு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள்.

அனுப்புநரைச் சரிபார்ப்பது பற்றி

ரிஜெக்ட்_அன்வெரிஃபைட்_செண்டர் என்று இதற்கு ஒரு சகோதரம் இருக்கிறது. உங்களுக்கு எழுதுபவரின் முகவரி உண்மையா என்று அவருடைய சேர்வரையே போய்த் தட்டும். கேட்க நல்லாக இருக்கும். ஆனால் இங்கே நீங்கள் தட்டுவது உங்கள் வீட்டுப் படலையை அல்ல, ஊரான் வீட்டுப் படலையை. பெயரைத் திருடி ஒருவன் ஆயிரம் சேர்வர்களுக்கு அனுப்பினால், பெயரைப் பறிகொடுத்தவரின் வாசலில் ஆயிரம் பேர் போய் நிற்பார்கள். பல இடங்களில் இப்படித் தட்டுபவர்களைத் தடைசெய்துவிடுவார்கள். வெளியே போகும் மெயில்கள் எல்லாவற்றையும் ஒரு ரிலேஹோஸ்ட் (மெயிலை வாங்கி மேலே அனுப்பும் இடைச் சேர்வர்) வழியாக அனுப்புகிறீர்கள் என்றால் இன்னும் மோசம். தட்டலும் அந்த ரிலேஹோஸ்டுக்கே போகும், அது எல்லாவற்றுக்கும் "ஓம்" சொல்லும், உங்கள் கேஷ் முழுவதும் அர்த்தமில்லாத ஓம்களால் நிரம்பும். அட்ரஸ்_வெரிஃபை_ரிலேஹோஸ்ட் என்பதை வெறுமையாக வைத்து அதைத் தவிர்க்கலாம். என்றாலும் நான் இந்தச் சகோதரத்தை எந்தச் சேர்வரிலும் இயக்குவதில்லை.